இன்னும் வராத வருத்தம்

செல்வநாயகத்தாருக்கு இன்சுலின் கேட்டு அவருடைய தங்கச்சி அருந்ததி எழுதிய கடிதங்கள் பதினொன்று. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இருந்த குடியேற்றத்தில் ஒரு சின்ன உபதபாற்கந்தோர். அதற்குப் பொறுப்பாக இருந்தவள் அவள். ஆகவே பதினொரு கடிதத்துக்கும் முத்திரை ஒட்டியதும் அவள், சீல் குத்தியதும் அவள், சாக்கில் போட்டு வாயைக் கட்டியதும் அவள். மருந்து அனுப்பக்கூடியவர்கள் என்று யார் எந்த விலாசத்தைச் சொன்னாலும் அங்கே எழுதினாள். பெற்றோலும் பற்றரியும் மட்டுமல்ல, மருந்தும் ஆமியின் சென்றிகளில் மறிபட்டு, சுரண்டி அளந்து வன்னிக்குள் வந்த சண்டைக்காலம் அது. வந்த கொஞ்ச இன்சுலினைக் கன பேர் பங்கு போட்டார்கள். கிடைத்த குப்பியைச் சூடு பிடிக்காமல் ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் புதைத்து வைத்தார்கள். முட்டி காயாமல் பார்ப்பதே அண்ணன் வீட்டில் ஓராளுக்கு வேலை.

நெற்கதிர் அறுத்து அருவி வெட்டிய வயலில் காய்ந்த நெல்லடிக்கட்டை ஒன்று செல்வநாயகத்தாரின் உள்ளங்காலில் ஏறியது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. ஐந்து வருசச் சீனி வருத்தம் காலின் உணர்ச்சியைத் தின்று முடித்திருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் புண்ணைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். வெட்டிய காலை என்ன செய்வதென்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அருந்ததியின் கணவன் யோகநாதன்தான் அதை வாங்கி, உரப்பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து வளவின் மூலையில் குழி வெட்டித் தாட்டார். இரண்டு மாதம் கழித்து, 1996 ஐப்பசி மழைக்குள், மிச்ச மனிதரையும் எரித்தார்கள்.

அடுத்த மாசி மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாக்கைப் பிரித்தவளும் அவள்தான். செல்வநாயகம் என்ற பெயருக்கு வந்திருந்தது. அவரது கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டிருப்பதாக இரண்டு வரி. அருந்ததி அதைக் கிழிக்கவில்லை. உறையை மறுபடி ஒட்டி, ‘பெறுபவர் காலமாகிவிட்டார்’ என்று சிவப்பு மையால் எழுதி, சீலைக் குத்தித் திருப்பி அனுப்பினாள். சீல் குத்திய சத்தம் வெளியில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். அதற்குப் பிறகு சனம் அவளுடைய வாய்க்குப் பயந்து பயந்துதான் முத்திரை வாங்கியது.

கோபம் உடம்பை உருக்கும் என்பார்கள். அருந்ததிக்கு அப்படி நடக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கதிரையில் உட்கார்ந்தால் நாலு மணிவரை அதே கதிரை. வீட்டுக்கு வந்தால் சோறு, பிறகு படுக்கை, எழும்பினால் பனங்கட்டி கடித்துக்கொண்டு தேத்தண்ணீர். நாற்பத்து மூன்று வயதில் எழுபத்தொரு கிலோ. ஆள் ஐந்தடி.

1998 தை மாதம் பிடரியில் வந்த கட்டு ஒன்று ஆறாமல் இழுத்தது. யோகநாதன் அவளைச் சைக்கிளில் ஏற்றித் தண்ணீரூற்றுப் பக்கம் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டொக்டர் சிற்றம்பலம் கட்டைப் பார்த்த கையோடு குடும்பத்தில் யாருக்கும் சீனி வருத்தம் உண்டா என்று கேட்டார். அவள் அண்ணனைச் சொன்னாள். இரத்தம் சோதிக்கிற மருந்து அந்தக் கிழமைதான் வந்திருக்கிறது, முடிவதற்குள் வெறுவயிற்றோடு வாருங்கள் என்றார். வந்தாள். இரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள், இரண்டு மணித்தியாலம் மரவாங்கில் இருத்திவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

“உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை,” என்றார் டொக்டர். “ஆனா வருத்தம் இல்லாத ஆக்களின்ரை கணக்கும் இல்லை. வெறுவயித்திலை நூற்றிப் பதினாறு. குளுக்கோஸ் குடிச்சாப் பிறகு நூற்றி எழுபத்திரண்டு. இப்பிடியே விட்டா சில வருசத்திலை உங்கட அண்ணர் நிண்ட இடத்திலை நிப்பியள்.”

“இன்சுலின் போடவேணுமோ?”

“வேண்டாம்.”

“குளிசை?”

“அதுவும் வேண்டாம்.”

“வேண்டாமோ, இல்லையோ?” என்று கேட்டாள் அருந்ததி.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கேள்வியில் இருந்த சூடு அவருக்கு விளங்கியது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேரின் கண்ணில் பார்ப்பவர்.

“இல்லையெண்டு கன பேருக்குச் சொல்லியிருக்கிறன். அதாலை உங்களுக்குச் சந்தேகம் வரும்,” என்றார். “ஆனா இதைக் கேளுங்கோ. இந்த ஒண்டுக்கு மட்டும் ஒரு சென்றியையும் தாண்டி ஒண்டும் வரத்தேவையில்லை. ஒருத்தரும் மறிக்கவும் ஏலாது. உங்கட குசினியிலையும் உங்கட காலிலையும்தான் கிடக்கு.”

பிறகு விபரமாகச் சொன்னார். நிறையில் ஐந்து கிலோவாவது இறங்க வேண்டும். தினமும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், மூச்சு வாங்குகிற அளவுக்கு, நடக்க வேண்டும். சாப்பாட்டுக் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், சோறு கால்பங்கு, அதுவும் தவிட்டோடு. சீனி கூடாது. பனங்கட்டி நல்லது என்று யாரும் சொன்னால் நம்பக்கூடாது, உள்ளே போனால் அதுவும் சீனிதான். இப்படிச் செய்கிற எல்லாருக்கும் தடுக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் கன பேருக்குத் தடுக்கும், மற்றவர்களுக்கும் வருகிறது பிந்தும் என்றார்.

அருந்ததிக்கு மகிழ்ச்சி வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா. கீரையும் நடையுமா. இதை ஏன் அண்ணனுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டாள். தான் அந்தக் காலத்தில் இங்கே இல்லை என்றார் அவர். அந்தப் பதிலும் அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது.

சைக்கிளில் பன்னிரண்டு மைல்கட்டை திரும்பி வந்தார்கள். குடியேற்றத்துக்குள் வந்ததும் அண்ணன் வீட்டுப் படலையில் இறங்கிக்கொண்டாள். உள்ளே அண்ணன் பெண்சாதி, மச்சாள் தங்கம்மா, உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒருவருடைய கவனமில்லாத்தனத்தால் அண்ணன் போய்விட்டார், சரியான நேரத்தில் ஒரு டொக்டர் ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்றைக்கு இரண்டு காலோடு வயலில் நிற்பார் என்று அருந்ததி வெடித்தாள். தங்கம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து குந்தினாள்.

“சொன்னவை,” என்றாள்.

“என்ன?”

“எண்பத்தெட்டிலை பருத்தித்துறைக்குச் செத்தவீட்டுக்குப் போகேக்கை, தலைச்சுத்தெண்டு அங்கை ஒரு டொக்டரிட்டைக் காட்டினவர். இன்னும் வருத்தம் வரேல்லை, ஆனா ஓரத்திலை நிக்குது, வாயைக் கட்டி உடம்பைக் குறை எண்டு அவர் சொன்னவர். வந்து உன்னட்டையும் சொன்னவர். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தனி.”

அருந்ததிக்கு அந்த நாள் அப்படியே முன்னால் வந்தது. வருசப்பிறப்புக்கு முதல் நாள். தாச்சியில் பயற்றம் பணியாரம் பொரிந்துகொண்டிருந்தது. அண்ணன் வாசலில் நின்று சிரித்தபடிதான் சொன்னார். வருத்தம் இல்லாத மனிசனுக்கு என்ன பத்தியம், பகிடி விடாமல் தின்னுங்கோ அண்ணை என்று சொல்லி அவள்தான் கையில் வைத்தாள். ஆறு பணியாரம் சாப்பிட்டார்.

“அப்ப நீங்கள் ஏன் மச்சாள் மறிக்கேல்லை?” என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“மறிச்சனான். சோத்தைக் குறைச்சுப் போட்டனான். உன்ரை அண்ணனுக்கு வயிறாரச் சோறு போடாத பெண்டில் எண்டு ஊரெல்லாம் சொன்னது ஆர்?”

அருந்ததி எழுந்தாள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று மச்சாள் சொன்னது காதில் விழுந்தும் நிற்கவில்லை. ஒன்றரை வருசமாகக் கொழும்பையும், ஆமி முகாம்களையும், மருந்து அனுப்பாதவர்களையும் திட்டிக்கொண்டு இருந்தவள். அவர்கள் மேல் இருந்த கோபத்தில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வரிசையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானை அப்படியே தூக்கி, கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவில் கொட்டில் போட்டிருந்த குடும்பத்திடம் கொடுத்தாள். மத்தியானம் யோகநாதனுக்கு வைத்ததுபோலத் தனக்கு வைக்கவில்லை. தன் கோப்பையில் வல்லாரைச் சம்பலும், வாழைப்பொத்தி வறையும், இரண்டு அகப்பை தவிட்டரிசிச் சோறும். யோகநாதன் பார்த்தார். உழைப்பாளி, கெட்ட மனிதர் அல்ல, ஆனால் கோப்பையில் சோறு மலைபோல் இல்லாவிட்டால் அது சாப்பாடு இல்லை என்று வளர்ந்தவர். பணக்காரருடைய வருத்தம் உமக்கு எங்கேயிருந்து வந்தது என்று தொடங்கினார். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் அவர், நீர் மெலிஞ்சு போனால் நான் பட்டினி போடுகிறேன் என்று ஊர் கதைக்கும், என் மானத்தை வாங்காதேயும் என்றார்.

அருந்ததி கையைக் கழுவினாள்.

“அண்ணன்ரை காலைத் தாட்டது நீங்கள்தானே,” என்றாள். “பாரம் எவ்வளவு இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். என்ரையையும் சுமக்க விருப்பமெண்டா, இந்தாங்கோ, நீங்களே சோத்தைப் போடுங்கோ. நான் சாப்பிடுறன்.”

கோப்பையை அவருக்கு முன்னால் நகர்த்தினாள். சோற்றுச் சட்டியில் அவர் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

சாப்பாட்டை விட நடைதான் பெரிய பாடாய்ப் போயிற்று. குடியேற்றத்தில் எந்தப் பெண்ணும் சும்மா நடப்பதில்லை. வயலுக்கு நடப்பாள், விறகுக்கு நடப்பாள், கோயிலுக்கு நடப்பாள். முதல் நாள் பின்னேரம் அருந்ததி வாய்க்கால் கரையால் வெறுங்கையோடு போனபோது ஏழு பேர் மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் மனமிரங்கிச் சைக்கிளில் ஏறச் சொன்னார். மூன்றாம் நாள் கடை வாசலில் இருந்த அப்புத்துரை, வேலையில்லாத வாய்க்காரர், கந்தோர் அம்மாவுக்கு அண்ணனுடைய கவலையில் மூளை தட்டிவிட்டது, பாவம், என்று அவள் காதுபடச் சொன்னார். அவள் திரும்பி வந்து, தட்டித்தான் விட்டது, கிட்ட வந்தால் கடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதாள். முழங்கால் நொந்தது. செருப்பின் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. காலில் கொப்புளம் வரவே கூடாது என்று டொக்டர் சொன்னது நினைவில் வர, கம்பியைச் சீலைத்துண்டால் சுற்றினாள்.

வழி கந்தோரிலேயே கிடந்தது. தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் முந்திய வருசமே குடும்பத்தோடு மடுப் பக்கம் போய்விட்டார். புதியவரைப் போடவில்லை. கடிதம் உள்ளவர்கள் கந்தோருக்கு வந்து கேட்டு வாங்குவார்கள். ஆனால் இடம்பெயர்ந்து வந்து காட்டோரமும் குளத்தோரமும் கொட்டில்களில் கிடந்த சனத்துக்குத் தங்களுக்குக் கடிதம் வந்ததே தெரியாது. நாற்பது ஐம்பது உறைகள் மாதக்கணக்காகப் பெட்டியில் கிடந்தன. ஒருநாள் அவற்றை அடுக்கிக்கொண்டு இருந்தவளுக்குத் தன் பதினொரு கடிதங்களும் எங்கோ ஒரு கந்தோரில் இப்படித்தானே கிடந்திருக்கும் என்று பட்டது. இரத்தம் தலைக்கு ஏறியது. நாலு மணிக்குக் கதவைப் பூட்டினாள். கடிதங்களைப் பையில் போட்டாள். நடந்தாள்.

அதிலிருந்து ஒருவரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. பையோடு நடந்தால் உத்தியோகம். மேலிடத்தில் அவள் அனுமதி கேட்கவும் இல்லை. கேட்டால் அதற்கும் ஒரு கடிதம் எழுதிப் பதில் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று கட்டை, சில நாள் நாலு. சித்திரைக்குள் ஐந்து கிலோ இறங்கிவிட்டது. சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள்.

ஒரு முறை குளக்கட்டுக்குக் கீழே கொட்டிலில் இருந்த ஒரு தாய்க்கு ஜெர்மனியில் இருந்த மகனின் கடிதம் போயிற்று. பதினான்கு மாதமாகச் சேதி இல்லாத மகன். அந்தத் தாய் படித்து முடித்ததும் ஓடிப்போய் ஒரு கைப்பிடி சீனி கொண்டுவந்து, நல்ல சேதி கொண்டுவந்த வாயைத் திறவுங்கோ பிள்ளை என்று நின்றாள். சீனி பொன்னாக விற்ற நாள் அது. வேண்டாம் என்று அருந்ததி வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டாள். சீனி மண்ணில் கொட்டியது. தாயின் முகம் செத்துப்போயிற்று.

அருந்ததி அங்கிருந்து போக நினைத்தாள். முடியவில்லை. மண்ணில் இருந்துகொண்டு, பச்சைத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, அண்ணனுடைய கதையை முதலிலிருந்து சொன்னாள். பிழை பொறுக்கச் சொன்னாள். யாரிடமும் அவள் மன்னிப்புக் கேட்டு எத்தனையோ காலம். தாய் கேட்டுவிட்டு, தன் மனிசனுக்கும் இரவில் சலம் கழிக்க நாலைந்து தரம் எழும்பவேண்டியிருக்கிறது, அதுவும் இதுவோ என்று கேட்டாள். அப்படியும் இருக்கலாம், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ என்றாள் அருந்ததி. அடுத்த கிழமை அவளே அந்த மனிசனைத் தண்ணீரூற்றுக்கு அனுப்பிவைத்தாள்.

மார்கழியில் பக்கத்து ஒட்டுசுட்டானை ஆமி பிடித்தது. ஷெல் குடியேற்றத்துக்குள் விழத் தொடங்க, எல்லாரும் கிளம்பினார்கள். அருந்ததியும் யோகநாதனும் தங்கம்மாவும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மழைக்குள் தண்ணீரூற்றுக்கு வந்து, தெரிந்தவர் ஒருவருடைய தென்னங்காணியில் தறப்பாள் கட்டினார்கள். நிவாரணத்தில் கோதுமை மா, பருப்பு, சீனி. மரக்கறி என்று ஒன்றும் இல்லை. காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி. பையும் இல்லை, கடிதமும் இல்லை, நடக்க மனமும் இல்லை. தறப்பாளுக்குள் படுத்துக்கிடந்தாள். மூன்று மாதத்தில் இறக்கிய ஐந்து கிலோவில் மூன்று கிலோ திரும்பி வந்தது.

டொக்டர் சிற்றம்பலத்தின் தராசில் ஏறி இறங்கினாள். தன்னைத் தின்ன வைத்ததும் இந்தச் சண்டைதான், படுக்க வைத்ததும் இந்தச் சண்டைதான், இனி எதற்கு இந்தப் பத்தியம் என்று கேட்டாள். டொக்டர் ஆறுதல் சொல்லவில்லை. சண்டை முடியும்வரைக்கும் உங்கள் உடம்பு பொறுத்திருக்காது என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அவரைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடிய நேரே தண்ணீரூற்றுத் தபாற்கந்தோருக்குப் போனாள். தன்னுடைய குடியேற்றத்துச் சனத்தின் கடிதங்கள் எல்லாம் இங்கே சாக்கில் கிடக்கும், அவர்கள் எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று தனக்குத்தான் தெரியும், எடுங்கள் என்றாள். அங்கே இருந்தவர் விதி என்னவென்று யோசித்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். சாக்கை அவிழ்த்தார்.

நிவாரணச் சீனியைக் கொடுத்துப் பயறு மாற்றினாள். மாவுக்குள் முருங்கையிலையை அரிந்து போட்டு ரொட்டியை ஒன்றாகக் குறைத்தாள். குரக்கன் மா கிடைத்த நாளில் பிட்டு. தங்கம்மாவும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். பழையதை இருவரும் கதைக்கவில்லை. ஆனால் அருந்ததியின் கோப்பையில் சோறு போடுவது தங்கம்மாவின் பொறுப்பாயிற்று. அவள் போட்ட அளவுக்கு மேல் அருந்ததி ஒருநாளும் கேட்டதில்லை.

2000 தை மாதம், ஒட்டுசுட்டானை விட்டு ஆமி போய், சனம் ஊர் திரும்பிய பிறகு, மறுபடி சோதிக்கிற மருந்து வந்தது. வெறுவயிற்றில் தொண்ணூற்றேழு. குளுக்கோஸுக்குப் பிறகு நூற்றி முப்பத்து நாலு. நிறை அறுபத்து நாலு. டொக்டர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். அருந்ததி துண்டை வாங்கி மூன்று முறை வாசித்தாள்.

“இவ்வளவுதானோ டொக்டர்?” என்றாள். “ஒரு மனிசன்ரை கால் இவ்வளவுதானோ?”

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டொக்டரோ, குறைந்துதான் இருக்கிறது, போய்விடவில்லை, நடையை விட்டால் திரும்பி வரும், ஆகவே இது ஆயுளுக்கும் என்று சொன்னார். தனக்கும் அது தெரியும் என்று மூக்கைத் துடைத்தாள். எழும்பியவள் கதவடியில் நின்று, வெளியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற யோகநாதனைக் கூப்பிட்டாள். மருந்து மிச்சம் இருக்கிறதுதானே, இவருக்கும் இரத்தம் எடுங்கள் என்றாள். நான் வெறுவயிற்றோடா வந்தேன் என்று யோகநாதன் தடுமாறினார். வெறுவயிற்றோடுதான், காலையில் ஒன்றும் தராமல் கூட்டிவந்தது அதற்குத்தான் என்றாள்.

வெறுவயிற்றில் நூற்றிப் பதினெட்டு.

மத்தியானம் வீட்டில் யோகநாதன் கோப்பையை நீட்டியபோது தங்கம்மா தயங்கினாள். கீரையைப் போடுங்கோ மச்சாள் என்றார். நாலு மணிக்கு அருந்ததி கந்தோரைப் பூட்டிப் பையைத் தோளில் போட்டபோது வாசலில் நின்றார். ஊர் பார்க்கும் என்று கூச்சம். அவளோடு சேர்ந்து நடக்காமல் பத்து யார் தூரம் பின்னால், ஏதோ தன் வயல் பார்க்கப் போகிறவர் மாதிரிக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வந்தார். வாய்க்கால் கரையில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையைக் குறைக்கவும் இல்லை.

“கெதியா வாங்கோ,” என்றாள்.